காத்தே வராத விசிறி

எங்கள் ஊருக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் அமைதி வரும். அதையும் கரண்ட் ஆபீஸ்தான் கொடுக்கும். பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு ரைஸ் மில் ஓடாது. போர் மோட்டார் ஓடாது. கோயில் ஒலிபெருக்கி பாடாது. மிக்சி, கிரைண்டர், டிவி, தலைக்கு மேலே தடதடக்கிற ஃபேன் எல்லாம் சொல்லிவைத்த மாதிரி ஒரே நேரத்தில் வாயை மூடும். திருமயம் போகிற பஸ் மட்டும் எப்போதாவது ஹாரன் அடித்துவிட்டுப் போகும். ஊரே வியர்த்து வழிந்து, திட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடும். எங்கள் வீட்டில் மட்டும் லைன்மேனிடம் முன்கூட்டியே விசாரித்து, அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுக் காத்திருந்தோம். காரணம் சித்தி.

நான் ஒன்பதாவது பரிட்சை எழுதி முடித்திருந்த மே மாதம் அது. சித்தப்பா கத்தாரில் இருந்தார். சித்தி எங்களோடு இருந்தார். ஆவுடையார்கோவில் பக்கத்துப் பெண், எம்.ஏ. தமிழ் படித்தவர், பேச்சுப்போட்டி, ஒப்புவித்தல் போட்டி என்று வாங்கிய கோப்பைகள் பரண் மேல் ஒரு சாக்கில் இருந்தன. எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு சித்தியின் குரலை நாங்கள் கேட்டதெல்லாம் வேறு ஏதாவது ஒரு சத்தத்தின் மேல் ஏறித்தான். கிரைண்டர் மேல் ஏறி "உப்பு போதுமாக்கா?" என்று அம்மாவைக் கேட்பார். என் தாத்தாவின், நாங்கள் ஐயா என்று கூப்பிடுகிறவரின், டிவி மேல் ஏறி "மாமா, சாப்பிட வாங்க" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தக் குரலுக்கு எங்கள் வீட்டில் வேலை இருக்கவில்லை.

சென்னையில் கதைகளையும் பாடங்களையும் வாசித்துப் பதிவு செய்து விற்கிற ஒரு கம்பெனி இருப்பதாகவும், வீட்டில் இருந்தபடியே வாசித்து அனுப்பினால் போதும் என்றும் சித்தியின் காலேஜ் தோழி ஒருத்தி சொல்லியிருக்கிறார். மைக் இன்ன மாதிரி இருக்க வேண்டும், பதிவு இன்ன மாதிரி இருக்க வேண்டும் என்று அவர்கள் ஒரு பட்டியலே அனுப்பினார்கள். சித்தப்பா மைக் அனுப்பிவைத்தார். திருச்சியில் இருக்கிற என் மாமா தன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தார். நல்ல மெஷின்தான். போன மாதக் கரண்ட் கட் நாளில் இன்வெர்ட்டரில் அதை ஓட்டி, ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, சித்தி அரைமணி நேரம் வாசித்து அனுப்பினார். நாலாம் நாள் பதில் வந்தது. குரல் நன்றாக இருக்கிறது, பின்னணியில் தொடர்ந்து ஓர் இரைச்சல் கேட்கிறது, ஒரு மாதத்துக்குள் திருத்தி அனுப்புங்கள், அதன்பிறகு ஏற்பதற்கில்லை.

சித்தி அதைப் படித்தார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனார். நான்தான் ஹெட்செட்டைப் போட்டுக் கேட்டேன். சித்தி ஒவ்வொரு வரிக்கும் நடுவில் மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் ஒரு வண்டு உட்கார்ந்திருந்தது. ஊரே அணைந்து கிடந்த நாளில் அந்த அறையில் சத்தம் போட்டது கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

"நான் சரி பண்றேன் சித்தி" என்றேன்.

"ஒனக்குத் தெரியுமாடி அதெல்லாம்?"

தெரியாது. ஆனால் அந்த வயதில் நான் தெரியாது என்று யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே பிராசஸரின் மேல், மெல்லிய அலுமினியத் தகடுகளை அடுக்கிக் கோபுரம் மாதிரி ஒன்று நின்றது. சூடு அந்தத் தகடுகளுக்கு ஏறும். அதன் முகப்பில் மாட்டியிருக்கிற விசிறி காற்றைத் தகடுகளின் நடுவே தள்ளிச் சூட்டை வெளியேற்றும். விசிறியின் நடுவில் விரலை வைத்து ஒரு நொடி அழுத்தி நிறுத்தினேன். வண்டு நின்றது. விரலை எடுத்தேன். வண்டு வந்தது. குற்றவாளி பிடிபட்ட சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டு அதை ஏழெட்டுத் தடவை செய்து காட்டினேன். சைக்கிள் பம்ப்பால் அடித்ததில் மாமா வீட்டுத் தூசி ஒரு கைப்பிடி வந்தது. அப்படியும் வண்டு போகவில்லை. விசிறியின் அச்சே தேய்ந்துபோயிருந்தது. புதுசு வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்பா அன்றைக்கே கேட்டார்: "ஏம்மா, கம்ப்யூட்டரைத் தூக்கி அங்கிட்டு ஹால்ல வச்சுட்டு, நீள ஒயரா வாங்கி மைக்கை மட்டும் இங்கிட்டு வச்சா என்ன?" மிகச் சரியான கேள்வி. நீளமான ஒயரில் மைக் சரியாக வேலை செய்யாது என்று நான் உடனே சொன்னேன். அதை எங்கேயும் படித்ததில்லை. அந்த விசிறியை மாற்றுகிற வேலையை இழக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

அப்பாவும் நானும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனோம். கீழ ராஜ வீதியை ஒட்டி ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் மூன்று விசிறிகளை எடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் ஒயரில் மாட்டி ஓட்டிக் காட்டினார். எங்கள் பக்கத்தில் டேபிள் ஃபேன் வாங்குகிறவர்கள் எப்படி வாங்குவார்களோ அப்படியே நாங்களும் வாங்கினோம். அப்பா சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, குனிந்து, ஒவ்வொரு விசிறிக்கும் முகத்தைக் காட்டினார். நானும் காட்டினேன். மூன்றாவது விசிறியில் அப்பாவின் முன்முடி பறந்தது. சிவப்பு, பச்சை, நீலம் என்று அதில் விளக்கு வேறு எரிந்தது.

"காத்து நல்லா வருது. இதையே குடுங்க" என்றார் அப்பா.

வீட்டில் மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் வெளியே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த ஐயா எழுந்து உட்கார்ந்தார். "என்னத்தா, மாவு மில்லு வச்சிருக்கீகளா உள்ள?" என்று கேட்டார். பழைய வண்டு பறந்துபோய், அந்த இடத்தில் ஹெலிகாப்டர் இறங்கியிருந்தது. சித்தி ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "லைட்டு அழகா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அது எனக்குத் திட்டு வாங்கியதைவிட வலித்தது.

அதைவிட மோசம், சூடு. திரையில் பார்த்தால், பழைய தேய்ந்த விசிறி ஓடியபோது இருந்ததைவிட இந்தப் புது ஹெலிகாப்டருக்குச் சூடு அதிகமாகக் காட்டியது. இவ்வளவு காற்று அடித்தும் எப்படி? எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமி மாடத்திலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துப் பற்றவைத்து விசிறியின் முன்னால் பிடித்தேன். அந்தப் புகையைப் பார்த்த நிமிஷம்தான், நான் இன்றைக்கு எதுவாக இருக்கிறேனோ அது ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். புகை விசிறிக்குள் வேகமாகப் போனது. தகடுகளில் முட்டியது. உள்ளே நுழையாமல் நாலா பக்கமும் சிதறி, பாதி திரும்பி என் முகத்துக்கே வந்தது. அது திறந்த வெளியில் காற்று வீசுவதற்காகச் செய்த விசிறி. நெருக்கமான தகடுகளுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற பலம் அதற்கு இல்லை. முகத்துக்குக் காற்று வாங்கினோம். பிராசஸருக்கு முகம் கிடையாது.

அடுத்த நாலு நாள் போனை வைத்துக்கொண்டு படித்தேன். புரியாத இங்கிலீஷை எல்லாம் நோட்டில் எழுதி, அகராதி பார்த்துப் படித்தேன். எவ்வளவு காற்று என்பது ஒரு கணக்கு, எவ்வளவு அழுத்தம் என்பது வேறொரு கணக்கு. கூலர் என்கிற இந்தத் தகட்டுக் கோபுரத்துக்கு அழுத்தம்தான் முக்கியம். இறக்கைகள் அகலமாக, ஒன்றோடொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். சின்ன விசிறி வேகமாகச் சுற்றுவதைவிடப் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினால் அதே வேலை நடக்கும், சத்தம் வராது. நாலு முனை உள்ள ஒயர் இருந்தால் வேகத்தைக் கம்ப்யூட்டரே கூட்டிக் குறைக்கும். டப்பாவில் போட்டிருக்கிற சத்த அளவை நம்பக் கூடாது. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு தூரத்தில் காதை வைத்துக் கேட்டிருக்கிறான். இதையெல்லாம் சாப்பிடும்போது நான் விளக்க, அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "இந்தப் படிப்பை கணக்குப் பரிட்சைக்குப் படிச்சிருக்கலாம்ல" என்றார்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சாம்பல் நிறம். விளக்கு இல்லை. படத்திலேயே அழுமூஞ்சியாக இருந்தது. ஹெலிகாப்டரைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்காரரிடம் அப்பா என்ன பாடுபட்டார் என்பது தனிக்கதை. சாம்பல் விசிறிக்கு அப்பாவைச் சம்மதிக்கவைக்க நான் பட்ட பாடு அதைவிடப் பெரிசு. கரண்ட் கட்டுக்கு நாலு நாள் இருக்கும்போது கூரியர்காரர் போன் பண்ணி, ரோட்டு முக்குக்கு வரச் சொன்னார். ஓடிப்போய் வாங்கிவந்தேன்.

மாட்டினேன். ஓட்டினேன். அப்பா வழக்கம்போல் பட்டனைக் கழற்றிவிட்டு முகத்தைக் காட்டினார். இன்னும் கிட்டப் போனார். மூக்கு இடிக்கும் அளவுக்குப் போனார்.

"காத்தே வரலையேம்மா."

அந்தக் குரலில் கோபம் இல்லை. பாவம், பிள்ளை ஏமாந்துவிட்டதே என்கிற கவலை. சித்தி கதவருகே நின்றிருந்தார். கையில் துடைப்பம். நான் ஊதுபத்தியைப் பற்றவைத்துப் பிடித்தேன். புகை ஒரு நூல் மாதிரி விசிறியை நோக்கி வளைந்தது. அவசரமே படாமல் உள்ளே போனது. தகடுகளுக்குள் மறைந்தது. பிறகு கோபுரத்தின் மறுபக்கம், சீப்பால் வாரிய மாதிரி வரி வரியாக வெளியே வந்தது. ஒரு இழைகூடத் திரும்பவில்லை. அப்பா அந்தப் பக்கம் போய்க் கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக வந்த காற்றைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அட" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த விருதுகளில் அந்த இரண்டெழுத்துக்குத்தான் முதலிடம்.

வேலை இன்னும் முடியவில்லை. காதைக் கிட்டே வைத்தால் ஒரு மெல்லிய ரீங்காரம் இருந்தது. விசிறி போட்டதல்ல, விசிறியின் அதிர்வைத் தகடுகள் வாங்கிப் பாடிக்கொண்டிருந்தன. ஐயாவின் பழைய சைக்கிள் ட்யூபைக் கேட்டு வாங்கி, விரல்நக அளவுக்கு நாலு துண்டு வெட்டி, விசிறியின் நாலு மூலையிலும் வைத்து மாட்டினேன். பாட்டு நின்றது. பிறகு வேகம். நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றில் கேட்டது. எண்ணூறில், தெரிந்தவர்களுக்குக் கேட்கும். அறுநூற்று ஐம்பதில் எனக்கே சந்தேகம் வந்து, ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அறுநூற்று ஐம்பது என்று நிறுத்தினேன். ஆனால் ரொம்ப மெதுவாக ஓடவிட்டால் பிராசஸர் வெந்துவிடும் என்ற பயமும் இருந்தது. அதனால் எழுபத்தைந்து டிகிரியைத் தாண்டினால் விசிறி தானாக முழு வேகத்துக்குப் போகட்டும் என்று வைத்தேன். அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. நான் வெட்டிய குழி அது. அதில் யார் விழப்போகிறார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்த நாள் வந்தது. கம்பெனி கொடுத்த கெடுவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி. அடுத்த கரண்ட் கட் வருவதற்குள் கெடு முடிந்துவிடும். ஒன்பது மணிக்கு ஊர் அணைந்தது. இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினோம். அம்மா கோழியைக் குஞ்சுகளோடு கூடையில் போட்டுக் கொல்லைக் கோடிக்குக் கொண்டுபோனார். ஐயாவுக்குக் காலையில் இருமல் வரும். அவர் யாரும் சொல்லாமலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கண்மாய்க் கரைக்குப் போய்விட்டார். சித்தியின் நாலு வயசுப் பையனை அப்பா பஸ் பார்க்கக் கூட்டிப்போனார். எல்லோரும் கம்ப்யூட்டருக்காக இவ்வளவு செய்கிறார்களே என்று எனக்கு ஒரே பெருமை.

அறையில் சித்தியும் நானும். கதவுக்கும் ஜன்னலுக்கும் போர்வை. கம்ப்யூட்டரின் மூடியை, சூடு தங்காமல் இருக்கத் திறந்தே வைத்திருந்தேன். சித்தி தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசிக்கத் தொடங்கினார். படகு செய்கிற ஒருவரைப் பற்றிய கதை அது. முதல் இரண்டு வரியை நான் கேட்டேன். அதன்பிறகு கதை என் காதில் விழவில்லை. திரையின் மூலையில் இருந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. வெளியே மே மாத வெயில். காற்றுப் புக வழியில்லாத அறை. சித்தியின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி, புருவத்தில் நின்று, தாளில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை. சத்தம் கேட்கும் என்று வளையலைக் கழற்றி வைத்திருந்தும் கையை அசைக்கவில்லை. அறுபத்தெட்டு. கால் மணி நேரம் தாண்டியபோது எழுபத்தொன்று. பதிவு ஓடும்போது மௌஸைத் தொட்டால் அந்த டிக் சத்தமும் பதிவாகும். வைத்த கணக்கை மாற்ற முடியாது. எழுபத்தாறு வந்தால் நானே வைத்த ஏற்பாடு நானே வாங்கிய விசிறியை முழு வேகத்தில் ஓட்டி, சித்தியின் ஒரு மாதத்தைச் சத்தத்தில் மூழ்கடிக்கும்.

எழுபத்து மூன்று. எழுபத்து நாலு.

பீரோவின் மேல் என் பரிட்சை அட்டை இருந்தது. முழங்காலில் நகர்ந்து போய் அதை எடுத்தேன். கிளிப் சத்தம் போடாமல் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, திறந்திருந்த கம்ப்யூட்டரின் முன் மண்டியிட்டு, மெதுவாக, மிக மெதுவாக விசிற ஆரம்பித்தேன். நாலு நாள் படித்த படிப்பு, அழுத்தக் கணக்கு, நாலு முனை ஒயர் எல்லாம் கடைசியில் ஒரு பரிட்சை அட்டையிடம் வந்து நின்றது. கை வலித்தது. எழுபத்து நாலு அப்படியே நின்றது. போகவில்லை, வரவில்லை. பிறகு எழுபத்து மூன்று ஆனது. சித்தி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். உதடு ஒரு நொடி சிரிப்புக்குப் போய்த் திரும்பியது. குரல் மட்டும் பிசகவில்லை. பதினைந்து நிமிஷம் அந்த மெஷினுக்கு விசிறினேன். ஒரு முழம் தள்ளி, குளித்தெழுந்த மாதிரி நனைந்து வாசித்துக்கொண்டிருந்த சித்தியின் பக்கம் அந்த அட்டையை ஒரு தடவைகூடத் திருப்பவில்லை. தோன்றவே இல்லை.

சித்தி கடைசி வரியை முடித்தார். நான் பதிவை நிறுத்தினேன்.

என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஏற்றுக்கொண்டது. இன்று வரை சித்தி அவர்களுக்கு வாசிக்கிறார். பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டில் இருப்பவரின் போனில் சித்தியின் குரலைக் கேட்டு அம்மா ஒரு தடவை இறங்க வேண்டிய இடத்தையே விட்டுவிட்டார். அன்று வந்த மெயிலில் சித்தியின் குரலைப் பற்றி நாலு வரி இருந்தது. விசிறியைப் பற்றி ஒன்றும் இல்லை. இரைச்சல் இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஒரு வாரம் மனத்தாங்கல். ஆனால் நான் விடவில்லை. ஸ்கூல் திறந்ததும் டீச்சர்கள் உட்பட எல்லோருக்கும் சொன்னேன். இப்போது திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கிறேன். ஹாஸ்டலில் யார் கம்ப்யூட்டர் கத்தினாலும் என் அறைக்குத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நான் முகத்தைக் காட்டுவதில்லை. ஊதுபத்தி வைத்திருக்கிறேன். இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

அந்தப் பகலில் ஒன்றை மட்டும் நான் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

பதிவு முடிந்ததும், சரியாக வந்திருக்கிறதா பாருங்கள் என்று ஹெட்செட்டைச் சித்தியின் தலையில் மாட்டிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு புருவம் லேசாகச் சுருங்கியது. பிறகு, மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அது வியர்வை இல்லை என்பது எனக்கே தெரிந்தது. வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"சத்தம் இருக்கா சித்தி?"

அவர் கையை மட்டும் நீட்டி என்னைப் பொறுக்கச் சொன்னார். பிறகு, என்னைப் பார்க்காமலே, கரகரத்த குரலில், "இரு பாப்பா. இன்னொரு தடவ கேட்டுக்கிறேன்" என்றார். ஆரம்பத்துக்குக் கொண்டுபோய் மறுபடி ஓடவிட்டார்.

எங்கேயோ இரைச்சல் இருக்கிறது, எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாது என்று சித்தி சொல்லாமல் தேடுகிறார் என்று நினைத்தேன். அவர் மூன்றாவது தடவை கேட்கத் தொடங்கியபோது, கீபோர்டைச் சத்தமில்லாமல் என் பக்கம் இழுத்து, விசிறியின் வேகத்தில் இன்னும் ஐம்பது சுற்றைக் குறைத்தேன்.